பெரியப்பாவுக்கு எடுத்த சட்டை

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு இரண்டு சட்டைகள். ஒன்று அப்பா எடுத்துக் கொடுப்பது. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் அதைப் போட்டுக்கொள்வேன். இன்னொன்று அத்தை எடுப்பது. ஆனால் அது எனக்காக எடுத்ததல்ல. காலரில் மஞ்சள் தடவி, மற்றவர்களுடைய புதுத் துணிகளோடு தட்டில் வைத்துச் சாமி கும்பிடுவார். எல்லாரும் அவரவர் துணியை எடுத்துக்கொண்டு போன பிறகும் அந்தச் சட்டை மட்டும் பகல் முழுவதும் தட்டிலேயே கிடக்கும். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அத்தை அதை எடுத்து ஒரு உதறு உதறி, "சரி, இந்த வருசமும் வரல. நீ போட்டுக்க" என்று என்னிடம் நீட்டுவார்.

வராதவர் என் பெரியப்பா. அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்த அண்ணன். ஜப்பான்காரன் காலத்தில், இந்தியாவை மீட்கப் போகிறோம், டில்லி வரைக்கும் போகிறோம் என்று நம்மவர்கள் பிழைக்க வந்த இந்த நாட்டிலிருந்து ஒரு பட்டாளம் கிளம்பியது. செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, மீசை சரியாக முளைக்காத வயதில் அதில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். போனவர்களில் சிலர் திரும்பினார்கள். பெரியப்பா திரும்பவில்லை. செத்தார் என்றும் யாரும் வந்து சொல்லவில்லை.

கிளம்பின அன்று அத்தைக்கு ஏழு வயது. அண்ணன் அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசல்வரை நடந்ததாம். இறக்கி விடும்போது, "தீபாவளிக்கு வந்துருவேன், எனக்கு ஒரு சட்டை எடுத்து வை" என்று சொன்னதாம். விளையாட்டுக்குச் சொன்னதாகத்தான் இருக்கும். ஏழு வயதுப் பெண்ணிடம் பணம் ஏது, சட்டை ஏது? ஆனால் எங்கள் அத்தையிடம் எதையும் விளையாட்டுக்குச் சொல்லக் கூடாது. இதை நான் என் சொந்த அனுபவத்தில் பலமுறை உணர்ந்திருக்கிறேன்.

அந்தச் சட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாமே மகா பெரிசு. எனக்கு முன்னால் அவற்றைப் போட்டுத் தேய்த்தவர் அப்பா. கல்யாணமான புதிதில் எடுத்த ஒரு படத்தில் அம்மா பட்டுப்புடவையில் அழகாக நிற்கிறார், பக்கத்தில் அப்பா ஒரு சட்டைக்குள் குடியிருக்கிறார். நான் வளர்ந்து ஆளான பிறகும் நிலைமை மாறவில்லை. தோளில் இருக்க வேண்டிய தையல் கைக்கு இறங்கிவிடும். கையை மடித்துவிட்டுக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்தால் தெரிந்தவர்கள், "என்னா பாஸ், மாமனார் சட்டையா?" என்று கேட்பார்கள்.

"அத்தை, கொஞ்சம் சின்னதா எடுக்கக் கூடாதா?"

"அண்ணன் ஆறடி உயரம்டா. உனக்கு ஏத்த மாரி எடுத்தா அதுக்குப் பத்துமா?"

எங்கள் குடும்பத்தில் ஆறடி ஆள் எவரும் கிடையாது. அப்பா குள்ளம். தாத்தா அதைவிடக் குள்ளம் என்று கேள்வி. பெரியப்பா மட்டும் எங்கிருந்து ஆறடி வளர்ந்தார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சரிபார்க்க ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்தபோது, பட்டாளத்தில் சேர்ந்தவன் வீடு என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, தாத்தா அவருடைய படம், துணிமணி எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டார். செந்தூலில் பல வீடுகளில் அன்றைக்கு இதே கதைதான்.

எங்கள் வீட்டில் தீபாவளி இரண்டு நாள். முதல் நாள் சாயங்காலம் செத்தவர்களுக்குப் படையல். ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாழையிலை. அவரவருக்குப் பிடித்த ஆட்டுக்கறி, நண்டு, முறுக்கு, தாத்தாவுக்கு ஒரு போத்தல் கறுப்பு பீர். இலைக்குப் பக்கத்தில் புதுத் துணி. செத்தவர்களின் துணிக்கு மஞ்சள் கிடையாது. மறுநாள் காலையில் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் மஞ்சள். பெரியப்பாவின் சட்டை எந்த நாளைக்கு உரியது என்பதில்தான் அப்பாவுக்கும் அத்தைக்கும் வருஷா வருஷம் சண்டை.

"அக்கா, அண்ணனுக்கும் ஒரு எல போட்டுரலாம் லா. பாவம், எங்க பசியோட கெடக்குதோ."

"நீ பாத்தியா? செத்ததை நீ பாத்தியா? பாத்தவன் ஒருத்தன் வந்து சொல்லட்டும், நானே போடுறேன். யாரும் பாக்காம எல போட்டா, அண்ணனை நானே கொன்ன மாரி."

அப்பா தேங்காய் துருவப் போய்விடுவார். அத்தை சின்ன வயதிலேயே விதவையானவர். மகள் சுபாங் ஜெயாவில் பெரிய வீட்டில் இருந்தும், அங்கே நடந்து போகிற தூரத்தில் கோயில் இல்லை, பூக்கடை இல்லை, பேச ஆள் இல்லை என்று எங்களோடு பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியிலேயே தங்கிவிட்டார். எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். அதில் எனக்கு எரிச்சலும் உண்டு, அவரில்லாத தீபாவளியை நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குப் பாசமும் உண்டு.

சில வருஷங்களுக்கு முன் அப்பா போய்ச் சேர்ந்தார். அந்தத் தீபாவளிக்கு அப்பாவுக்கும் ஒரு இலை போட்டோம். படையல் முடிந்து, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் அத்தை அந்த இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

"கடைசித் தம்பிக்கு எல போட்டாச்சு. மூத்தவனுக்கு இன்னும் போடல" என்றார். இலையின் ஓரத்தை நீவிவிட்டுத் தொடர்ந்தார்: "நான் பைத்தியம் இல்லடா. இருந்தா இப்ப நூறு வயசு. வராதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா நான் போயிட்டா, அண்ணனை நெனைக்க யாரு இருக்கா? எல இல்லாமலே போயிரும். சட்டையும் இல்லாமப் போயிரும். யாராவது பாத்தவங்க இருக்காங்களான்னு தேடு."

அத்தை எதையும் என்னிடம் கெஞ்சிக் கேட்டதில்லை. அன்றைக்கும் கெஞ்சவில்லை, அதட்டித்தான் சொன்னார். ஆனால் குரல் உடைந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாத்திரம் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தேடினேன். தெரிந்த இடங்களில் விசாரித்தேன், தெரியாத இடங்களுக்கு எழுதிப் போட்டேன். மரியாதையாக, வருத்தத்தோடு, ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பட்டாளத்துக்காரர்களில் உயிரோடு இருப்பவர்களைத் தேடினால், போன வருஷம் வந்திருந்தால் பார்த்திருக்கலாமே என்றார்கள். போகிற இடமெல்லாம் இந்தப் பேச்சுத்தான். கடைசியில் நான் தேடுவதை விட்டுவிட்டேன். அத்தையும் கேட்பதை விட்டுவிட்டார். மஞ்சள் தடவிய சட்டை வழக்கம்போல் சாயங்காலம் என்னிடம் வந்தது.

போன வருஷம், தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, கிள்ளானில் ஒரு காதுகுத்துக்குப் போனேன். என்னோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்து, எனக்கு முன்னால் ஓய்வு பெற்ற ஒரு அக்காவின் பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. அத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தும் அவர் வீட்டுக்குள் போனது அதுதான் முதல் தடவை. கை கழுவ உள்ளே போனவன் சாமி அறைக்கு வெளியே ஒரு படத்தைப் பார்த்து நின்றுவிட்டேன்.

பழைய குரூப் போட்டோ. காக்கி உடுப்பில் இளைஞர்கள் வரிசையாக நிற்கிறார்கள், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், முன்னால் தரையில் சம்மணமிட்டிருக்கிறார்கள். அவர்களில் சிலர் நெற்றிக்கு நேராகக் கண்ணாடியின் மேல் குங்குமப் பொட்டு. சிலருக்கு இல்லை.

"எங்கப்பா பட்டாளத்துக்குப் போன போட்டோ" என்றார் அக்கா. "செந்தூல் ஒர்க்‌ஷாப்லேருந்து சேந்தவங்க எல்லாம் கெளம்புறதுக்கு முந்தி ஒண்ணா எடுத்துக்கிட்டது. எங்க தாத்தா இதை முருகன் படத்துக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருந்தாராம். வெள்ளைக்காரன் வந்து பாத்தாலும் முருகனைத்தானே பாப்பான்?"

பொட்டு எதற்கு என்று கேட்டேன்.

"அப்பா திரும்பி வந்து வெச்சது. தன் கண்ணால செத்ததைப் பாத்தவங்களுக்கு மட்டும்தான் வைப்பாரு. பாக்காதவங்களுக்கு நான் வைக்கப் போனாக்கூட திட்டுவாரு. எங்கயாவது இருப்பாங்க, நீ ஏன் பொட்டு வைக்கிறன்னு. அவரு போனதுக்கப்புறம் அதே மாரி நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வெச்சிட்டு வரேன்."

பாத்தவன் ஒருத்தன் வந்து சொல்லட்டும் என்று அத்தை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்த்தவர் கிள்ளானில் இருந்திருக்கிறார். நான் பக்கத்து மேசைக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அந்தப் படத்தில் என் பெரியப்பா யார் என்று எனக்குத் தெரியாது. பெயர் சொன்னேன். அக்காவுக்குப் பெயர்கள் தெரியவில்லை. முகங்களைத்தான் தெரியும், பொட்டு வைத்த முகங்களை.

போனில் படம் பிடித்தேன். கண்ணாடியில் டியூப் லைட் வெளிச்சம் பட்டுப் பாதி முகங்கள் மறைந்துவிட்டன. வீட்டுக்கு வந்து அதை நீட்டினால் அத்தை கையை விலக்கிவிட்டார். "எங்கண்ணனைப் போன்ல காட்டாத. கூட்டிட்டுப் போ."

மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். ஃபெடரல் ஹைவேயில் வழக்கமான ஜாம். நல்லதுதான், பேச நேரம் கிடைத்தது. பொட்டு விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவது சரியில்லை என்று பட்டது.

"நெத்தியிலயா வெச்சிருக்காரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சுபாங் ஜெயாவைத் தாண்டும்போது, "மக வீட்டுக்கு அப்புறம் போவோம். இப்பப் போனா எங்க போற, ஏன் போறன்னு ஆயிரம் கேப்பா" என்றார். கையில் இருந்த கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா படத்தை இறக்கி மேசைமேல் வைத்திருந்தார். அத்தை உட்காரவில்லை. குனிந்து, நேராகப் பின்வரிசைக்குப் போனார். உயரமானவர்கள் நிற்கிற வரிசை. விரல் ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. எல்லாருக்கும் நடுவில் நெடுநெடுவென்று ஒருவர், நெற்றி வெறுமையாக. விரல் அங்கே நின்றது.

"இதான் எங்கண்ணன்! பொட்டு இல்ல, பாருடா, பொட்டு இல்ல!"

நானும் ஒரு நொடி நம்பிவிட்டேன். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா... அது எங்கப்பாம்மா. அவருக்குத் தனியா படம் இருக்கு, அதுலதான் நான் மாலை போடுறேன். இந்தப் படத்துல அவரு வெச்சது வெச்சபடிதான்."

அத்தை சுவரில் மாலையோடு இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். வயதான முகம்தான், ஆனால் அதே தாடை. "மன்னிச்சிரும்மா" என்றார். மறுபடி குனிந்தார். பின்வரிசையில் நின்ற வேறு யாரும் அவர் அண்ணன் இல்லை. நாற்காலி வரிசையிலும் இல்லை. அத்தை நிமிர்ந்து, "இதுல இல்லடா" என்றார்.

நான்தான் கண்டுபிடித்தேன். முன்வரிசையில், தரையில், குள்ளமானவர்களை உட்கார வைத்த இடத்தில் ஓரமாக ஒருவர். நெற்றி முழுக்கப் பல வருஷத்துக் குங்குமம் தடித்துப் போயிருந்தது. ஆனால் அந்த மூக்கு, முன்னால் துருத்திய அந்தக் காது, சிரிப்பை அடக்குகிற அந்த வாய் எல்லாம் என் அப்பாவுடையவை. கல்யாணப் படத்தில் பெரிய சட்டைக்குள் நிற்கிற அப்பா.

"அத்தை, இங்க."

அவர் பார்த்தார். தெரியவில்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். அக்கா ஈரத்துணி கொண்டுவந்து, அந்த ஒரு பொட்டை மட்டும் மெதுவாகத் துடைத்தார். சிவப்பு கரைந்து போக, நெற்றியும் புருவமும் வெளியே வந்தன. சின்னப் பையனைப் போல இருந்தார். பக்கத்தில் இருந்தவரின் காதுவரைக்கும்கூட அவர் தலை எட்டவில்லை.

அத்தை மேசையைப் பிடித்துக்கொண்டு இன்னும் கிட்டே குனிந்தார்.

"எவ்ளோ சின்னதா இருக்கு அண்ணன்" என்றார். "நான் தோள்ல உக்காந்தப்ப கூரை தொட்டுச்சுடா."

அக்கா அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த முன்வரிசை ஓரத்து முகத்துக்குத்தான் அவர் அப்பா எப்போதும் முதலில் பொட்டு வைப்பாராம். பர்மாவிலிருந்து பின்வாங்கி வருகிற வழியில் மழையும் காய்ச்சலும். பெரியப்பா ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் அவரை மரத்தடியில் புதைத்துவிட்டு நடந்தார்கள். அக்காவின் அப்பாவிடம் அப்போது மேல்சட்டை இல்லை, கிழிந்து போய்விட்டது. பெரியப்பாவின் சட்டையைத்தான் கழற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"பட்டனே போட முடியாதாம்மா. கையும் பாதி வரைக்கும்தானாம். ஆனா குளிருக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சுன்னு சொல்லுவாரு. செந்தூலுக்கு வந்து உங்க வீட்டத் தேடியிருக்காரு. நீங்க குவார்ட்டர்ஸ விட்டுப் போயிட்டீங்களாம். அதை நெனைச்சு நெனைச்சு வருத்தப்படுவாரு."

தாத்தாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை போய், குடும்பம் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு மாறியது அந்த நாட்களில்தான். பயந்து பயந்து எரித்தும் பலனில்லை. சொல்ல வந்தவர் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

அத்தை அழவில்லை. குங்குமம் கேட்டார். அக்கா சிமிழை நீட்டினார். அத்தை மோதிர விரலால் தொட்டு, துடைத்த அந்த நெற்றியில் தானே பொட்டு வைத்தார். பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது. அக்கா அதைத் திருத்தவில்லை.

அடுத்த வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் வழக்கமான துணிக்கடைக்குப் போனோம். கடைப்பெண் அத்தையைக் கண்டதும், "ஆன்டி, டபுள் எக்ஸ்எல் தானே? எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள். அவளுக்கு முன்னால் இருந்தவளுக்கும் அது மனப்பாடம். அத்தை அந்தச் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"இதுல சின்னது காட்டும்மா. ரொம்பச் சின்னது."

வெள்ளையில் கோடு போட்ட சின்னச் சட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். தோள்களைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் பார்த்தார். அதற்குள் யாரோ நிற்பதுபோலப் பார்த்தார். பிறகு தள்ளி வைத்திருந்த பெரிய சட்டையையும் இழுத்து அதன் மேல் வைத்தார்.

"அதான் சின்னது எடுத்தாச்சே அத்தை, இது எதுக்கு?"

"இது கிள்ளானுக்கு. பாவம் அந்த மனுசன், அவ்ளோ ஒசரத்துக்கு என் அண்ணன் சட்டையப் போட்டுக்கிட்டு எப்பிடி நடந்தாரோ. படையல்ல வைக்கச் சொல்லிக் குடுத்துட்டு வா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டு, "அப்பாவுக்குச் சரியா இருக்கும்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இத்தனை காலம் நாங்கள் மடித்து மடித்துப் போட்டுக்கொண்ட அளவு, தைத்தெடுத்ததுபோல் அவருக்குத்தான் பொருந்தும்.

தீபாவளிக்கு முதல் நாள், தாத்தாவின் இலைக்கு அடுத்து, மூத்த பிள்ளை என்பதால் அப்பாவின் இலைக்கு முன்னாலேயே பெரியப்பாவுக்கு ஒரு இலை போட்டோம். அவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது. அத்தை யோசித்துவிட்டு, தனக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தார். பக்கத்தில் அந்தச் சின்னச் சட்டை, மஞ்சள் இல்லாமல். கும்பிட்டு முடித்த பிறகு, வழக்கப்படி யாராவது அதைப் போட்டுக்கொள்ள வேண்டுமே என்று கேட்டேன். எங்கள் வீட்டில் அந்த அளவுக்கு ஆளில்லை.

"இது அதோட அளவு. அதுவே போட்டுக்கட்டும்" என்று சொல்லி, மடித்துத் தன் புடவைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் தட்டில் எல்லாருடைய துணியும் இருந்தது. எடுத்துக்கொண்டு எழுந்த பிறகு தட்டு காலியாகக் கிடந்தது. சாயங்காலம் அத்தை விளக்கு வைத்தார். நான் பழக்கதோஷத்தில் கூடத்திலேயே காத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்தத் தீபாவளிக்கு எனக்கு ஒரே ஒரு சட்டைதான்.